இதயமும் ஈரலும் சேர்ந்து தளர்ந்தவருக்கு நீரை எப்படி இறக்குவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் திரும்பச் சொல்கிறேன். அப்பாவுக்கு 62 வயது. எக்கோவில் இதயத்தின் பம்பு சக்தி 30 சதவீதம். இரண்டு மாதமாகக் கால் வீக்கம், இப்போது வயிறும் உப்பிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் நிறமி) 2.6, ஆல்புமின் (ஈரல் செய்யும் ரத்தப் புரதம்) 2.9, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) 1.5. இதய மருத்துவர் நீர் மாத்திரையைக் கூட்டினார். ஈரல் மருத்துவரோ, “கல்லீரல் கெட்டிருக்கிறது, நீர் மாத்திரை அதிகமானால் நினைவு தடுமாறும்” என்று குறைக்கச் சொல்லிவிட்டார். இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த ஈரல் தானாகக் கெட்டதா, இதயத்தால் கெட்டதா? நீரை எவ்வளவு வேகமாக இறக்கலாம், எந்த மருந்தால் இறக்கலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நான் பொது மருத்துவம் படித்தவன். வார்டில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, அதில் பெரும்பகுதி அரசு மருத்துவமனையில். இதய நிபுணரும் இல்லை, ஈரல் நிபுணரும் இல்லை. அவர்கள் இருவரும் தனித்தனியாக எழுதிய சீட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஆள் நான். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, குறிப்பாக அவர் கழுத்தைப் பார்க்கவில்லை. அது ஏன் பெரிய குறை என்று கீழே சொல்கிறேன். ஆகவே இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மருத்துவர்களிடமும் என்ன கேட்பது என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறது. அதிலும் பெரும்பகுதி நேராகப் போவதில்லை. குடலைச் சுற்றிவிட்டு, போர்ட்டல் சிரை வழியாக, அழுத்தம் குறைந்த ரத்தமாக வந்து சேர்கிறது. இத்தனை ரத்தமும் ஈரலின் மேல்பக்கச் சிரைகள் வழியே வெளியேறி இதயத்தின் வலது மேலறைக்குப் போக வேண்டும். நடுவில் அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும் வால்வு கிடையாது. வலது பக்கம் அழுத்தம் ஏறினால் அது அப்படியே ஈரலுக்குள் இறங்கும். வடிகால் வாய்க்கால் தூர்ந்துபோனால் வயலில் தண்ணீர் நின்று பயிர் அழுகுவது போலத்தான். ஈரலின் ஒவ்வொரு சிறு அறையிலும் நடுச் சிரையை ஒட்டிய செல்களுக்கு ஆக்சிஜன் கடைசியாகத்தான் கிடைக்கும், அதனால் முதலில் அடிபடுவதும் அவைதான். நீண்ட நாள் இப்படித் தேங்கிய ஈரலை வெட்டிப் பார்த்தால், ஜாதிக்காயைக் குறுக்கே வெட்டியது போலச் சிவப்பும் வெளிறிய மஞ்சளும் மாறி மாறித் தெரியும். பாடப்புத்தகத்தில் அதற்கு ஜாதிக்காய் ஈரல் என்றே பெயர்.

இந்தத் தேக்கத்தில் வரும் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு முகம் உண்டு. பிலிருபின் மிதமாக ஏறும், பெரும்பாலும் 3-க்குள் நிற்கும். ஈரல் என்சைம்களில் அல்கலைன் பாஸ்பட்டேஸ், ஜிஜிடி ஏறும். ஈரல் செல் அடிபட்டால் கூடும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி கொஞ்சம்தான் கூடும். ஐஎன்ஆர் சற்று நீளும். உங்கள் அப்பாவின் எண்கள் இந்தப் படத்துக்குள் சரியாகப் பொருந்துகின்றன. அதுவே நிரூபணம் ஆகிவிடாது. இன்னொரு படமும் உண்டு. இதயம் திடீரெனத் தளர்ந்து பிபி விழுந்து ஈரலுக்கு ரத்தமே குறைந்தால், ஒன்றிரண்டு நாளில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் எகிறும். ரத்த ஓட்டம் சீரானதும் சில நாளிலேயே சரசரவென இறங்கும். அது தேக்கம் இல்லை, வறட்சி. அப்போது நீர் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டு போவது தவறு, முதலில் ரத்த ஓட்டத்தைத் தூக்க வேண்டும்.

சரி, ஈரல் தானாகக் கெட்டதா என்று எப்படிப் பிரிப்பது? ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு முன்னால் கழுத்து. கழுத்துச் சிரையில் ரத்தம் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் வலது இதயத்தின் அழுத்தமானி. ஈரல் சுருக்கத்தால் (சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்குவது) மட்டும் வயிறு வீங்கியவருக்குக் கழுத்துச் சிரை பொதுவாகத் தணிந்திருக்கும். இதயத்தால் வீங்கியவருக்கு எழும்பி நிற்கும், ஈரலை அழுத்தினால் இன்னும் ஏறும். செலவில்லாத இந்தச் சோதனையை அவசரத்தில் விட்டுவிடுகிறோம், நானும் விட்டிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் நாற்பது வயதுகூட ஆகாத ஒரு நெசவாளர் வந்தார். ஒரு வருஷமாக வேறு இடத்தில் ஈரல் சுருக்கம் என்று வைத்தியம். மூன்று முறை வயிற்று நீர் எடுத்திருந்தார்கள். குடிப்பதில்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை, முதல் இரண்டு நாள் நானும் நம்பவில்லை. படுக்கையில் சாய்ந்திருந்தபோது கழுத்தில் எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் எதற்கோ அவரை நேராக உட்காரச் சொன்னபோது காது மடலுக்குக் கீழே சிரை துடிப்பது தெரிந்தது. அழுத்தம் அவ்வளவு அதிகம், சாய்ந்திருந்தால் அந்த அலை தாடைக்கு மேலே போய் மறைந்துவிடுகிறது. சிடி எடுத்தால் இதயத்தின் மேலுறை தடித்துச் சுண்ணாம்பு படிந்து இதயத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. நம் நாட்டில் இதற்கு முக்கியக் காரணம் காசநோய். அந்த உறையை அறுவை சிகிச்சையில் உரித்து எடுத்த பிறகு, சில மாதத்தில் வயிறு வற்றியது. கால் வீக்கத்தைவிட வயிற்று வீக்கம் பெரிதாக இருப்பது இந்த நோயின் அடையாளம். உங்கள் அப்பாவுக்குப் பம்பு சக்தியே 30 என்பதால் இது இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று எழுதினேன்.

கழுத்துக்கு அடுத்தபடி நம்பிக்கையானது வயிற்று நீர்ப் பரிசோதனை. ஊசியில் கொஞ்சம் எடுத்து, அதிலுள்ள ஆல்புமினை ரத்தத்தின் ஆல்புமினிலிருந்து கழிப்பார்கள். வித்தியாசம் 1.1 அல்லது அதற்கு மேல் என்றால், நீர் அழுத்தத்தால் வந்தது. ஈரல் சுருக்கத்திலும் இதயத் தேக்கத்திலும் இது இப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரிப்பது நீரிலுள்ள மொத்தப் புரதம். 2.5 கிராமுக்கு மேல் என்றால் பெரும்பாலும் இதயம், கீழே என்றால் பெரும்பாலும் ஈரல் சுருக்கம். காரணம் எளிது. சுருங்கித் தழும்பேறிய ஈரலின் நுண்குழாய்ச் சுவர் மூடிப்போய்ப் புரதத்தைக் கசியவிடாது. தேங்கிய ஈரலின் சுவர் திறந்தே இருக்கும், புரதமும் சேர்ந்து கசியும். இதோடு ரத்தத்தில் என்டி-புரோ-பிஎன்பி (இதயம் திணறும்போது கூடும் பொருள்) அளவு, எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்திருக்கின்றனவா என்பது, தட்டணு எண்ணிக்கை, மண்ணீரல் அளவு எல்லாம் சேர்ந்து படத்தை முடிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஃபைப்ரோஸ்கேன் எடுத்து “ஈரல் இறுகிவிட்டது, சிரோசிஸ்” என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதை உடனே நம்ப வேண்டாம். அந்தக் கருவி ஈரலின் விறைப்பை அளக்கிறது. தழும்பால் விறைத்ததா, ரத்தம் தேங்கி விறைத்ததா என்று அதற்குத் தெரியாது. நீரை இறக்கிய பிறகு எடுத்தால் அதே ஈரலில் எண் கணிசமாகக் குறைவதுண்டு. வீக்கத்தோடு இருக்கும்போது எடுத்த ஃபைப்ரோஸ்கேனை வைத்து ஒருவருக்கு ஈரல் நோயாளி என்று முத்திரை குத்துவது எனக்குப் பிடிக்காத பழக்கங்களில் ஒன்று.

உங்கள் அப்பாவின் ஈரல் இதயத்தால்தான் இப்படி ஆனது என்று தெரியவந்தால், ஈரல் கெட்டிருக்கிறது என்பது நீர் மாத்திரையைக் குறைப்பதற்குக் காரணம் ஆகாது. முழுதாக இறக்குவதற்குத்தான் காரணம் ஆகும். தேங்கிய நீரை எடுத்தால் பிலிருபின் நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ இறங்குவதை வார்டில் வழக்கமாகப் பார்க்கிறோம். ஈரலுக்குத் தனியாக டானிக் எதுவும் தேவைப்படுவதில்லை.

எடுப்பது எப்படி என்பதில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. நாம் லாசிக்ஸ் என்று சொல்லும் ஃப்யூரோசமைட் மாத்திரை சராசரியாகப் பாதிதான் ரத்தத்தில் சேரும். ஆளுக்கு ஆள் அது 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை மாறும். குடல் சுவரே நீர் கோத்து வீங்கியிருக்கும்போது உறிஞ்சுவது தாமதமாகி, ரத்தத்தில் அதன் உச்சம் தாழ்ந்துவிடும். இந்த மருந்துக்கு ஒரு வாசல் உண்டு, அந்த அளவைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அசையும். வாசலுக்குக் கீழே நாளுக்கு நான்கு முறை கொடுத்தாலும் பயனில்லை. அதனால்தான் “மாத்திரை இரட்டிப்பாக்கியும் சிறுநீர் போகவில்லை” என்று வருகிறவரை அட்மிட் செய்து அதையே ஊசியாகப் போட்டால் அன்று இரவே நிறையப் போகிறது. டாரசமைட், கடையில் டைட்டார் என்று கிடைப்பது, 80 சதவீதத்துக்கு மேல் நிலையாக உறிஞ்சப்படும். அதனால் அது மேலானது என்று நாங்கள் பலர் நம்பியிருந்தோம். 2023-இல் வெளிவந்த டிரான்ஸ்ஃபார்ம் ஆய்வில் 2,859 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது இறப்பு விகிதத்தில் வித்தியாசமே இல்லை. எனவே பொதுவாக இரண்டும் ஒன்றுதான். குடல் வீக்கம் அதிகமாகத் தெரிகிறவருக்கு மட்டும் நான் இன்னும் டாரசமைட்டுக்கு மாற்றிப் பார்க்கிறேன். அது என் பழக்கம், ஆதாரம் என்று சொல்ல மாட்டேன்.

ஊசியை எவ்வளவு போடுவது? 2011-இல் வந்த டோஸ் ஆய்வில் 308 பேர். ஏற்கெனவே சாப்பிட்டு வந்த மாத்திரை அளவையே ஊசியாகப் போட்டவர்கள் ஒரு பக்கம், அதைப்போல இரண்டரை மடங்கு போட்டவர்கள் இன்னொரு பக்கம். அதிக அளவில் நீர் கூடுதலாக இறங்கியது. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் சிலருக்கு ஏறினாலும் அது தற்காலிகமாகவே இருந்தது. சொட்டு சொட்டாக ஏற்றுவதா, ஒரேயடியாகப் போடுவதா என்பதில் வேறுபாடு தெரியவில்லை. இப்போதைய வழக்கம், முதல் ஊசி போட்டு இரண்டு மணி நேரத்தில் சிறுநீரில் சோடியம் பார்ப்பது. லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தாலோ, முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மில்லிக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ அளவை இரட்டிப்பாக்கு என்கிறது ஐரோப்பிய இதயச் சங்கத்தின் 2021 வழிகாட்டி. காலையில் ரவுண்ட்ஸ் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று 24 மணி நேரம் காத்திருந்த காலம் போய்விட்டது.

ஈரல் மருத்துவர் வேறு உலகத்திலிருந்து பேசுகிறார், அந்த உலகமும் பொய் இல்லை. உண்மையான ஈரல் சுருக்கத்தில் வயிற்று நீர் ரத்தத்துக்குத் திரும்பும் வேகத்துக்கு எல்லை உண்டு. அதைவிட வேகமாகச் சிறுநீரில் எடுத்தால் ரத்தக் குழாய்தான் காலியாகும், வயிறு அப்படியே இருக்கும், சிறுநீரகம் படுத்துவிடும். அதனால் கால் வீக்கம் இல்லாதவருக்கு எடை நாளுக்கு அரைக் கிலோ, கால் வீக்கமும் இருப்பவருக்கு ஒரு கிலோ குறைந்தால் போதும் என்பது அவர்கள் விதி. ஃப்யூரோசமைட்டை ஊசியாகப் போட்டால் சிறுநீரக வடிகட்டல் சட்டென விழுவதால் அங்கே மாத்திரையையே விரும்புவார்கள். இதய வார்டில் முதல் ஓரிரு நாளில் மூன்று லிட்டர் சிறுநீர் போனால் சந்தோஷப்படுவோம், ஈரல் வார்டில் அதே மூன்று லிட்டருக்குப் பயப்படுவார்கள். உங்கள் அப்பாவுக்கு வந்த இரண்டு அறிவுரையும் இந்த இரண்டு வார்டிலிருந்து வந்தவை.

நினைவு தடுமாற்றம் பற்றி அவர் சொன்னதற்கும் அடிப்படை இருக்கிறது. நீர் மருந்தால் பொட்டாசியம் இறங்கினால் சிறுநீரகம் அமோனியாவை அதிகமாக உண்டாக்கி ரத்தத்தில் விடும். கூடவே ரத்தம் காரத்தன்மை ஏறினால் அந்த அமோனியா மூளைக்குள் எளிதாக நுழையும். தேறிய ஈரல் அதை யூரியாவாக மாற்றிவிடும், சுருங்கிய ஈரலால் முடியாது. இதற்குப் பயந்து நீரையே எடுக்காமல் விடுவது தீர்வு இல்லை. பொட்டாசியத்தை 4-க்குக் குறையாமல் காப்பதும், மலச்சிக்கல் வராமல் பார்ப்பதும், தேவைப்பட்டால் மலத்தை இளக்கி அமோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் கொடுப்பதும்தான் தீர்வு. வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது தூக்கம். பகலில் தூங்கி இரவில் விழித்திருக்க ஆரம்பித்தால், கையெழுத்து கோணலானால், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று தொங்கினால், அன்றே கூட்டிப்போங்கள்.

இரண்டு வார்டுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு: ஸ்பைரோனோலாக்டோன், அதாவது ஆல்டாக்டோன். 1999-இல் வந்த ரேல்ஸ் ஆய்வில் கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேரில் 25 மில்லிகிராம் அளவிலேயே இறப்பை 30 சதவீதம் குறைத்தது. அந்த அளவில் அது நீர் இறக்கும் மருந்தாக வேலை செய்வதே குறைவு, இதயத்தைக் காக்கும் மருந்தாகத்தான் கொடுக்கிறோம். ஈரல் சுருக்கத்தில் அதே மருந்தை 100-இல் தொடங்கி, 40 ஃப்யூரோசமைட்டோடு சேர்த்து, தேவைக்கு ஏற்ப 400 வரை கொண்டுபோவார்கள். இதயத் தேக்கத்திலும் 100 கொடுத்தால் நீர் வேகமாக இறங்குமா என்று 2017-இல் அதீனா ஆய்வில் 360 பேரிடம் நான்கு நாள் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. ஆனால் அதில் ஈரல் தேக்கத்தோடு பெருவயிறாக வந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, பொட்டாசியமும் கிரியாட்டினினும் இடம் கொடுத்தால், நான் 50 வரை கூட்டுகிறேன், சில சமயம் அதற்கும் மேலே. பொட்டாசியம் 5-ஐத் தாண்டினால் நிறுத்திப் பின்வாங்குவேன்.

ஊசிக்கும் நீர் இறங்கவில்லை என்றால் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள். அங்கேதான் ஈரல் முக்கியமாகிறது. அசெட்டசோலமைட் என்ற பழைய நீர் மருந்துக்கு 2022-இல் அட்வார் ஆய்வு புது வாழ்வு கொடுத்தது. 519 பேரில், மருந்து சேர்த்தவர்களில் 42 சதவீதத்தினருக்கு மூன்று நாளில் தேக்கம் தீர்ந்தது, சேர்க்காதவர்களில் 30 சதவீதத்தினருக்கு. நல்ல மருந்துதான். ஆனால் ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு அது கூடாது, அமோனியா வெளியேறுவதைத் தடுத்து நினைவைக் கெடுக்கும். மெட்டோலசோன், ஹைட்ரோகுளோரோதயசைடு வகை நீர் மருந்துகள் நன்றாக வேலை செய்யும், ஆனால் சோடியம், பொட்டாசியம் இரண்டும் தடதடவென இறங்கும். வீட்டில் வைத்து வாரக்கணக்கில் தினமும் சாப்பிடக் கொடுக்கும் மருந்தாக நான் அதைப் பார்ப்பதில்லை. உப்பை விட்டு நீரை மட்டும் வெளியேற்றும் டோல்வாப்டான் சோடியம் குறைந்தவர்களுக்குக் கவர்ச்சியாகத் தெரியும். 4,133 பேரைக் கொண்ட எவரெஸ்ட் ஆய்வில் அது ஆயுளைக் கூட்டவில்லை. அதோடு, வேறொரு நோய்க்கான ஆய்வில் ஈரல் பாதிப்பு தெரியவந்ததால், 30 நாளுக்கு மேல் வேண்டாம், ஈரல் நோயாளிக்குத் தவிர்க்கவும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013-இல் எச்சரித்தது. சர்க்கரை நோய்க்கென வந்த டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் இரண்டும் இதயத்துக்கு இன்று அடிப்படை மருந்துகள். லேசான, மிதமான ஈரல் பாதிப்பில் தயங்காமல் கொடுக்கிறோம். குடிப்பவர், சரியாகச் சாப்பிடாதவர் என்றால் மட்டும் கீட்டோன் ஏறும் ஆபத்தை நினைத்து நிறுத்தி வைப்பேன்.

ஆல்புமின் 2.9 என்றதும் யாராவது ஆல்புமின் பாட்டில் ஏற்றலாம் என்பார்கள். விலையும் அதிகம், குடும்பத்துக்குப் பெரிய வைத்தியம் நடப்பது போன்ற திருப்தியும் கிடைக்கும். இதயம் தளர்ந்தவருக்கு அது ஏற்கெனவே நிரம்பிய குழாய்க்குள் இன்னும் தண்ணீரை இழுத்து வருவது. 2021-இல் வந்த அட்டயர் ஆய்வு இதயம் தளர்ந்தவர்களிடம் நடந்தது இல்லை, ஈரல் நோயாளிகள் 777 பேரிடம் நடந்தது. அதிலேயே தினமும் ஆல்புமின் ஏற்றியவர்களுக்குப் பலன் இல்லை, நுரையீரலில் நீர் கோத்தல் கூடியது. வயிற்றில் ஊசி போட்டு 5 லிட்டருக்கு மேல் எடுக்கும்போது, ஈரல் சுருக்கத்தில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் ஆல்புமின் கொடுப்பது நிலைபெற்ற வழக்கம். இதயத் தேக்கத்தில் அதே கணக்கை அப்படியே பின்பற்ற எனக்குத் தெம்பில்லை. வயிறு மிக இறுக்கமாக இருந்தால் இரண்டு மூன்று லிட்டர் எடுத்து நிறுத்துவேன். அதிலேயே மூச்சு இலகுவாகும். வயிற்று அழுத்தம் குறைந்து சிறுநீரகமும் மூச்சு விடும், அதற்குப் பிறகு பழைய ஊசிக்கே நீர் நன்றாக இறங்கும்.

கிரியாட்டினின் ஏறினால் நீர் மருந்தை நிறுத்த வேண்டுமா என்பது அடுத்து வரப்போகிற சண்டை. எடை இறங்கி, வீக்கம் வடிந்து, ஆள் தெளிவாக இருக்கும்போது 1.2 என்பது 1.5 ஆனால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். வீக்கம் அப்படியே இருந்து கிரியாட்டினின் மட்டும் ஏறினால் அது வேறு கதை. கைகால் சில்லிட்டு, பிபி 90-க்குக் கீழே போய், சிறுநீரும் குறைந்தால் நீர் மருந்தைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. இதயத்துக்கு உந்து மருந்து தேவையா என்று பார்க்க வேண்டும், அது ஐசியூ வேலை. இயந்திரத்தால் நீரை வடித்து எடுப்பது பற்றியும் சிலர் சொல்வார்கள். கேரஸ் என்ற ஆய்வில், 188 பேரில், படிப்படியாக மருந்து கூட்டியவர்களுக்குத்தான் சிறுநீரகம் நன்றாக இருந்தது. எனவே அதைக் கடைசிக்கு வைக்கிறோம். ஈரல் சுருக்கத்தில் சிறுநீரகம் படுத்தால் ரத்தக் குழாயைச் சுருக்கும் டெர்லிபிரசின் என்ற ஊசி கொடுப்பார்கள். நீர் நிறைந்து இதயமும் தளர்ந்தவருக்கு அது மூச்சுத் திணறலில் கொண்டு விடலாம். இதய நோய் இருப்பதை அந்த மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், கோப்பில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள்.

மற்ற மருந்துகளையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் சாப்பிடுகிறார் என்றால் ஈரல் தேக்கத்தில் அதே மாத்திரைக்கு ஐஎன்ஆர் எகிறும், நீர் இறங்கியதும் திரும்பக் குறையும். அந்த இரண்டு மூன்று வாரம் அடிக்கடி பார்க்க வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்கக் கொடுக்கும் அமியோடரோன் ஈரலையே கெடுக்கக்கூடியது. தளர்ந்த இதயத்துக்குக் கொடுக்கும் கார்வெடிலோலும் சக்குபிட்ரில்-வல்சார்ட்டானும் கடுமையான ஈரல் செயலிழப்பில் கூடாது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கும். தேக்கத்தால் வந்த லேசான பாதிப்புக்கு அதைக் காட்டி நிறுத்திவிடுவதும் பிழை. மூட்டு வலிக்கு டைக்ளோபெனாக் வகை அறவே வேண்டாம், அது உப்பையும் நீரையும் பிடித்து வைத்துச் சிறுநீரகத்தையும் அடிக்கும். பாரசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள் பரவாயில்லை. “ஈரலுக்கு ஆகாது” என்று அதை ஒதுக்கிவிட்டு டைக்ளோபெனாக் வாங்கிக் கொடுக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கீழாநெல்லி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிலிருபின் 2.6 என்பது மஞ்சள் காமாலைதான், ஆனால் இதயத்தால் வந்தது என்றால் வைரஸ் காமாலை இல்லை, ஈரலில் ரத்தம் வடியாமல் நிற்கும் தேக்கம். தேக்கத்தை எடுக்காமல் எந்தப் பச்சிலையும் அதைத் தீர்க்காது. தீங்கு பெரிதாக இல்லாவிட்டாலும், அதற்காக ஊர் ஊராக அலைந்து நீர் ஊசியைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஆல்டாக்டோன் சாப்பிடுகிறவருக்குத் தினமும் கொடுக்காதீர்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கும், அதே காரணத்துக்காக அதுவும் வேண்டாம்.

சாதாரண உப்பைப் பொறுத்தவரை, மிகக் கடுமையாகக் குறைப்பதால் பெரிய பலன் உண்டா என்பது இன்று சந்தேகத்துக்கு உரியது. 2022-இல் வந்த சோடியம்-எச்எஃப் ஆய்வில், 806 பேரில், நாளுக்கு 1,500 மில்லிகிராம் சோடியத்துக்குள் வைத்தும் இறப்போ மருத்துவமனை வருகையோ குறையவில்லை. ஆகவே அவர் சாப்பாட்டை வெறுக்கும் அளவுக்குப் பத்தியம் பிடிக்காதீர்கள், பசி இல்லாத மனிதர் இன்னும் மெலிந்துபோவார். நாளுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது 5 கிராம், மொத்தச் சமையலிலும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் இவற்றை நிறுத்தினாலே பெரும்பாலும் அந்த அளவுக்குள் வந்துவிடலாம்.

சந்தேகங்களையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன இதய ஆய்வுகளில் பெரும்பாலானவை கடுமையான ஈரல் நோய் உள்ளவர்களைச் சேர்த்து நடந்தவை இல்லை. ஈரல் ஆய்வுகள் தளர்ந்த இதயம் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. இரண்டும் சேர்ந்து உள்ள மனிதருக்கு, எவ்வளவு வேகம், எந்த இரண்டாவது மருந்து என்பதை இந்த இரண்டு பக்க அனுபவத்தையும் ஒட்டவைத்துத்தான் முடிவு செய்கிறோம். பல வருஷம் தேங்கி உண்மையிலேயே தழும்பேறிவிட்ட ஈரல், நீரை எடுத்த பிறகு எவ்வளவு தேறும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான கணக்கு இல்லை. குடிப்பழக்கம் உள்ளவருக்கு இதயமும் ஈரலும் தனித்தனியே ஒரே நேரத்தில் கெட்டிருக்கலாம். அப்போது நான் மேலே போட்ட கோடு அழிந்துவிடும், இதய வார்டு போல எடுக்கத் தொடங்கி ஈரல் வார்டு போல நிதானிக்க வேண்டியிருக்கும். அப்பா குடிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடமாவது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒரே மருத்துவரிடம் போங்கள், இதய மருத்துவராக இருந்தால் நல்லது. கழுத்துச் சிரை எழும்பியிருக்கிறதா, எக்கோவில் இதயத்தின் வலது பக்கமும் அதற்குள் ரத்தம் கொண்டுவரும் பெருஞ்சிரையும் எப்படி இருக்கின்றன, வயிற்று நீரில் புரதம் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றும் இதயத்தைக் காட்டினால், மாத்திரையோடு வீட்டில் போராடாமல் சில நாள் அட்மிட் ஆகி ஊசியில் இறக்கிக்கொள்வது நல்லது. அதுவரை தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே எடை மெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அந்த நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். என் ஓபியில் அதைக் கொண்டுவருபவர்கள் மிகக் குறைவு, கொண்டுவந்தால் நான் ரிப்போர்ட்டுக்கு முன்னால் அதைத்தான் பார்ப்பேன்.